நானம்மாள் பாட்டியும் நம் வீட்டு அம்மாக்களும்

(முன்னாள் மாணவர் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் 2010-ஆம் ஆண்டு மெக்கானிக்கல் முடித்து வெளியே போனவன். இப்போது பம்ப் செய்கிற ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். செயலாளர் அண்ணன் போன் செய்து, "போன வருஷம் பேசினவங்க எல்லாம் ஏற்றுமதி, இறக்குமதின்னு பேசி அம்மணிகளைத் தூங்க வெச்சுட்டாங்க. நீ நம்ம பக்கத்து அம்மா ஒருத்தரைப் பத்திப் பேசு" என்றார். அம்மாவைப் பற்றிப் பேசு என்று சொன்னால் நம் ஆட்களுக்கு உடனே கண் கலங்கிவிடும், தொண்டை அடைத்துவிடும். அதற்கப்புறம் பேச்சு ஓடாது. அதனால் என் சொந்தக்காரர் அல்லாத ஒரு தாயைத் தேர்ந்தெடுத்துக் கொண்டேன். கோவை கணபதியில் வாழ்ந்த நானம்மாள் பாட்டி. ஐந்து பிள்ளைகளைப் பெற்று, பேரன் பேத்தி எடுத்து, கொள்ளுப் பேரன் பேத்திகளையும் பார்த்தவர்.

அவரை நான் நேரில் சந்தித்ததில்லை. படிக்கிற காலத்தில் சத்தி ரோட்டு பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக் கொண்டு கணபதியைத் தாண்டி எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அந்த ஊரில் தொண்ணூறு வயது அம்மா ஒருவர் காலை நேரத்தில் தலைகீழாக நின்று கொண்டிருக்கிறார் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான் எல்லாம்.

1920-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் தேதி பொள்ளாச்சி பக்கம் ஜமீன் காளியாபுரத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் நானம்மாள். குடும்பத்தில் வைத்தியம் தெரியும். எட்டு வயதுக் குழந்தையாக இருந்தபோது அவருக்கு அப்பாவே ஆசனங்களைச் சொல்லிக் கொடுத்தார். கணக்குப் போட்டால் அது 1928 வாக்கில் வருகிறது. அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மைசூரில் அரண்மனை ஆதரவில் கிருஷ்ணமாச்சாரியார் யோகசாலை நடத்தி, இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் யோகாவுக்கு வித்திட்டது 1930-களில். ஐரோப்பாவிலிருந்து வந்த இந்திரா தேவி என்ற அம்மையார் அங்கே சேர வந்தபோது, பெண் என்றும் வெளிநாட்டவர் என்றும் முதலில் மறுத்துவிட்டார்கள். பிறகு மகாராஜா சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள். அதற்கும் பத்து வருஷம் முன்னாலேயே நம் பொள்ளாச்சிப் பக்கத்தில் ஒரு அப்பா, "பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு" என்று கேட்காமல் பாயை விரித்திருக்கிறார். பாட்டிக்குக் கிடைத்த விருதுகளில் கால் பங்கு அந்த அப்பாவுக்குச் சேர வேண்டும் என்பது என் கட்சி.

ஆனால் சின்ன வயதில் கற்றுக்கொள்வது பெரிய விஷயம் இல்லைங்க. நம் ஊர்ப் பெண்கள் சின்ன வயதில் கற்றுக்கொள்ளாத வித்தையா? என் அம்மாயி தாராபுரம் பக்கத்துக் கிராமம். கமலை இறைத்த பெரிய கிணறு அவர்கள் தோட்டத்தில் உண்டு. "கண்ணு, கல்யாணத்துக்கு முந்தி நான் மேட்டுல இருந்து தொபுக்கடீர்னு குதிப்பேன். தவளையாட்டம் ஒரு சுத்து நீந்திட்டுத்தான் மேல வருவேன்" என்று சொல்லும். சொல்லும்போது கண்ணில் ஒரு சிரிப்பு வரும். பதினாறு வயதில் கல்யாணம். புருஷன் வீட்டுத் தோட்டத்திலும் கிணறு இருந்தது, தண்ணியும் இருந்தது. அதற்கப்புறம் அது ஒரு நாளும் கிணற்றில் இறங்கவில்லை. மருமகள் கிணற்றில் குதித்தால் ஊர் வேறு மாதிரி அல்லவா பேசும்!

அம்மாயி எழுபத்தியொரு வயதில் போய்ச் சேர்ந்தது. கடைசிப் பத்து வருஷம் முதுகு வளைந்து, தரையைப் பார்த்தேதான் நடக்கும். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: "புள்ளைங்களுக்காகச் செருப்பாத் தேஞ்சா மகராசி." நீங்களும் இதைக் கேட்டிருப்பீர்கள். சிலர் சொல்லியும் இருப்பீர்கள். நம் பக்கத்தில் ஒரு தாய்க்குக் கொடுக்கிற மிகப் பெரிய சர்டிபிகேட் அதுதான். தேய்ந்தாள், கரைந்தாள், உருகினாள். அம்மாயிக்கு நீச்சல் தெரியும் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. அது தெரிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் இருந்தார்களோ.

நானம்மாள் பாட்டியின் கதை எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடத்தில்தான். அவருக்கும் கல்யாணம் ஆயிற்று. கணவர் சித்த வைத்தியமும் விவசாயமும் பார்த்தவர். ஐந்து பிள்ளைகள். அந்தக் காலத்து ஐந்து பிள்ளை வீடு என்றால் என்னவென்று இங்கே இருக்கிற பெரியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கிரைண்டர் கிடையாது, கேஸ் அடுப்பு கிடையாது. ராகி அரைப்பதிலிருந்து எல்லாம் கையால். அத்தனைக்கு நடுவிலும் எட்டு வயதில் அப்பா கொடுத்ததை அவர் விடவில்லை. புகுந்த வீட்டுக் கிணற்றில் அவர் தொடர்ந்து நீந்தினார் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பிள்ளைகள் என்ன பார்த்து வளர்ந்தார்கள்? சோறாக்குகிற அம்மாவையும் பார்த்தார்கள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஹலாசனம் போடுகிற அம்மாவையும் பார்த்தார்கள். ஹலம் என்றால் ஏர்க்கலப்பைதான். விவசாயி மகளுக்குப் பொருத்தமான ஆசனம். கடைசி வரைக்கும் அவர் சேலையோடுதான் ஆசனம் செய்தார். இன்றைக்கு யோகா என்றால் முதலில் பேன்ட் வாங்க வேண்டும், அப்புறம் பாய் வாங்க வேண்டும், அதற்கு ஒரு பை வாங்க வேண்டும். இதெல்லாம் வாங்கிய களைப்பில் நாம் படுத்துவிடுகிறோம்.

அம்மாவைப் பார்த்து ஐந்து பிள்ளைகளும் யோகா பழகினார்கள். கோவையில் ஓசோன் யோகா மையம் என்று குடும்பமே ஒரு பள்ளியை நடத்தியது. மகன்கள், மகள்கள், மருமக்கள், பேரப் பிள்ளைகள், கொள்ளுப் பேரப் பிள்ளைகள் என்று முப்பது பேருக்கும் மேல் அந்த ஒரு குடும்பத்தில் யோகா சொல்லித் தருகிறவர்களாக ஆனார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. சிலபஸ் கிடையாது, செமஸ்டர் கிடையாது, அரியர் கிடையாது. கோயமுத்தூருக்கு இது புதிதும் இல்லை. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின்மோட்டார் செய்த ஊர் இது. அந்த வித்தை பட்டறை பட்டறையாக, அப்பனிடமிருந்து மகனுக்கு, மாமனிடமிருந்து மச்சானுக்கு என்று பார்த்துப் பார்த்தே பரவிற்று. கல்லூரிகள் எல்லாம் பிறகு வந்து அதற்குப் பெயர் வைத்தன. பேராசிரியர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது! பட்டறை வித்தைக்கு அப்பன் பெயர் இருந்தது. இந்த வித்தை மட்டும் ஒரு அம்மா பெயரில் இறங்கி வந்திருக்கிறது.

பாட்டி பத்து லட்சம் பேருக்கு யோகா கற்றுக் கொடுத்தார் என்று எழுதுவார்கள். நான் இன்ஜினியர் ஆயிற்றே, கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. நாற்பத்தைந்து வருஷம் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாள்கூட லீவு விடாமல், தினமும் அறுபது புது ஆட்கள் வந்திருக்க வேண்டும். பள்ளிக்கூட முகாம்களில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்த பிள்ளைகளையும் சேர்த்தால் கணக்கு சரிக்கட்டலாம். சேர்க்காவிட்டால் கொஞ்சம் உதைக்கும். ஆனால் இன்னொரு எண் சொல்கிறார்கள், அதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். அவரிடம் கற்றவர்களில் சுமார் 600 பேர் தாங்களே ஆசிரியர் ஆனார்கள் என்பது அந்தக் கணக்கு. நூறு பேரைத் தொடுவது ஒரு வேலை. அதில் ஒருவரை நூறு பேருக்குச் சொல்லிக் கொடுக்கிற ஆளாக மாற்றுவது வேறு வேலை. நம் கல்லூரியில் நாம் ஒவ்வொரு பேட்ச்சிலும் எத்தனை ஆசிரியர்களை உருவாக்கியிருக்கிறோம் என்று சங்கம் ஒரு பட்டியல் எடுத்தால் நன்றாக இருக்கும். அமெரிக்கா போனவர்கள் பட்டியல்தான் தயாராக இருக்கிறது.

சரி, ஊர் எப்போது திரும்பிப் பார்த்தது? ஐ.நா. சபை ஜூன் 21-ஐ யோகா தினமாக 2014-இல் அறிவித்தது, முதல் யோகா தினம் 2015-இல் வந்தது. அப்போது பாட்டிக்கு 95 வயது. ஆசனம் போட ஆரம்பித்து 87 வருஷம் ஆகிவிட்டிருந்தது. 2017 மகளிர் தினத்தில் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி கையால் நாரி சக்தி விருது. 2018-இல் பத்மஸ்ரீ. அதே வருஷப் பட்டியலில் நம் தொழிலைச் சேர்ந்த ஒருவரும் இருந்தார். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர், பிளாஸ்டிக் கழிவைத் தாரோடு கலந்து ரோடு போடலாம் என்று காட்டிய வாசுதேவன் அவர்கள். பொறியியலும் பாட்டி வித்தையும் ஒரே மேடை ஏறிய வருஷம் அது.

நம் மாவட்டத்துப் பாட்டிமார்களுக்கு இது ஒரு ராசி போலிருக்கிறது. மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி பாப்பம்மாள், இயற்கை விவசாயம் செய்தவர். அவருக்கு பத்மஸ்ரீ வந்தது 2021-இல், நூறு வயதைத் தாண்டிய பிறகு. 2024 செப்டம்பரில் காலமானார். ஆலாந்துறை பக்கம் வடிவேலம்பாளையத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி போட்ட கமலாத்தாள் பாட்டியை நாடு பார்த்தது 2019-இல், அவருக்கு எண்பது வயது ஆன பிறகு. 2022 அன்னையர் தினத்துக்கு ஆனந்த் மஹிந்திரா அவருக்கு வீடு கட்டிக் கொடுத்தார். நல்லதுதான், சந்தோஷம்தான். ஆனால் இவர்கள் எல்லாம் நாற்பது வயதிலும் இதே வேலையைச் செய்து கொண்டிருக்கிறபோது நாம் எங்கே இருந்தோம்? எழுபது வயதில் போய்ச் சேர்ந்திருந்தால் பேப்பரில் ஒரு மூலையில்கூட வந்திருக்க மாட்டார்கள். நீண்ட ஆயுள் இருந்தால்தான் நம் பெண்களுக்குப் பாராட்டு கிடைக்கும் என்றால், ஆயுள் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். தொழிற்சாலையில் பராமரிப்பு இரண்டு வகை. மெஷின் உடைந்தபின் ஓடிப்போய்ச் சரி செய்வது பிரேக்டவுன் மெயின்டனன்ஸ். உடைவதற்கு முன்னாலேயே நாள் குறித்து நிறுத்தி, கிரீஸ் வைத்து, பேரிங் சத்தம் கேட்டுப் பார்ப்பது பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ். இரண்டாவதற்கு உற்பத்திப் பிரிவுக்காரர் சம்மதிக்கவே மாட்டார். "ஓடிட்டுத்தானே இருக்குது, எதுக்கு நிறுத்தறீங்க" என்பார். எங்கள் சண்டை எல்லாம் அந்த அரை மணி நேரத்துக்குத்தான். ஒரு லேத்துக்கு வாரம் அரை மணி நேரம் வாங்குவதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நம் வீட்டு அம்மாக்களை நாம் எந்த முறையில் வைத்திருக்கிறோம்? நீங்களே சொல்லுங்கள். ஓடிட்டுத்தானே இருக்குது!

என் அம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. கிராமத்தில் இருக்கும் வரைக்கும் நாலு மணிக்கு எழுந்து எருமைக்குப் பால் கறந்து, எங்களைப் பள்ளிக்கூடம் அனுப்பி, களையெடுக்கப் போய், வந்து சோறாக்கி, ராத்திரி கடைசியாகச் சாப்பிட்டு வளர்த்தார். இப்போது என்னோடு கோவையில். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது என்று டாக்டர் படத்தைக் காட்டினார். எலும்புக்கு எலும்பு இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அந்தப் படத்தில் பார்த்தபோது, "தேய்ந்தாள்" என்று நாம் சொல்வது வெறும் வாய் வார்த்தை இல்லை, அளந்து பார்க்கக் கூடிய சங்கதி என்று புரிந்தது. மில்லிமீட்டரில் அளக்கலாமுங்க. தொடையைச் சுற்றியுள்ள தசைக்குப் பயிற்சி கொடுங்கள், தினமும் செய்யுங்கள், வலி கட்டுக்குள் இருந்தால் ஆபரேஷனைத் தள்ளிப் போடலாம் என்றார் டாக்டர். அம்மா சொன்ன பதில்: "பேத்தி பள்ளிக்கூடம் போயிட்டு வரட்டும் கண்ணு, அப்பறம் பாத்துக்கலாம்." பேத்தி ஒண்ணாம் வகுப்பு. அவள் எப்போது முடித்து, அம்மா எப்போது பார்ப்பது?

யோகா செய்தால் எல்லோரும் 99 வயது இருப்பார்கள் என்று நான் சொன்னதாக யாரும் வெளியே போய்ச் சொல்லிவிடாதீர்கள். ஒரே ஒரு சாம்பிளை வைத்து முடிவு எழுதினால் எங்கள் தர ஆய்வுப் பேராசிரியர் இன்றைக்கும் என்னை வகுப்பை விட்டு அனுப்புவார். பாட்டியின் உடம்பு வாகு இருக்கும், கஞ்சியும் கீரையும் பழமும் என்ற சாப்பாடு இருக்கும், இன்னும் எத்தனையோ இருக்கும். முழங்கால் தேய்ந்தவர்கள் பாட்டியின் போட்டோவைப் பார்த்துவிட்டு நேராகத் தலைகீழாக நிற்கவும் வேண்டாம். டாக்டரைக் கேளுங்கள்.

நான் பாட்டியிடம் பார்ப்பது வேறு. தினமும் ஒரு நேரத்தை அவர் தனக்கென்று வைத்துக்கொண்டார். அதனால் அவர் குறைந்த தாய் ஆகிவிடவில்லை. பிள்ளைகளுக்கு அவர் கொடுத்த பெரிய சொத்தே அந்த நேரத்திலிருந்துதான் வந்தது. அவரும் செருப்பாகத் தேய்ந்திருந்தால், பிள்ளைகளுக்குக் கிடைத்திருப்பது நன்றிக்கடன்தான். தொழில் கிடைத்திருக்காது. பெண் பிள்ளைகள் அவசியம் யோகா பழக வேண்டும் என்று பாட்டி சொல்லி வந்ததையும் நான் இதோடு சேர்த்துத்தான் படிக்கிறேன்.

ஆனால் அந்த நேரத்தை யார் கொடுப்பது? நானம்மாளுக்கு ஒரு அப்பா பாயை விரித்தார். வைத்தியம் தெரிந்த கணவர் இருந்தார். பிள்ளைகளும் பக்கத்திலேயே பாயைப் போட்டார்கள். நம் வீட்டில்? இங்கே இருக்கிற வெளிநாட்டு அண்ணன்மார்கள் கோபிக்கக் கூடாது. சரவணம்பட்டியில் அபார்ட்மென்ட் வாங்கி அம்மாவைக் குடி வைத்திருக்கிறீர்கள். கேமரா வைத்திருக்கிறீர்கள். டிரெட்மில் அனுப்பியிருக்கிறீர்கள், அதில் துண்டு காய்கிறது, நானே பார்த்தேன். "மூட்டு வலிக்கு ஏழு ஆசனம்" என்று வாட்ஸ்அப்பில் வீடியோவும் அனுப்புகிறீர்கள். அந்த வீடியோவை அம்மா எப்போது பார்ப்பது? காலை ஐந்தரையிலிருந்து எட்டரை வரை அந்த வீட்டில் அவர் கை ஓயாது. உள்ளூரில் இருக்கிற நாங்களும் ஒன்றும் யோக்கியம் கிடையாது. "ஏம்மா எக்சர்சைஸ் செய்யலே" என்று கேட்டுக்கொண்டே காபிக்குக் கை நீட்டுகிற ஆட்கள்தான். உற்பத்தியை நிறுத்தாமல் மெஷினுக்குக் கிரீஸ் வைக்கச் சொல்கிற கதை இது.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ஹாஸ்டலிலிருந்து ஊருக்குப் போகிறபோது அழுக்குத் துணி மூட்டையோடு போகிறீர்கள். அதை நீங்களே துவைத்தால் உங்கள் அம்மாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மிச்சம். அவருக்குக் கல்யாணத்துக்கு முன்னால் என்னென்ன தெரியும் என்று அந்த நேரத்தில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். கோலிக் குண்டா, பாட்டா, சிலம்பமா, நீச்சலா, ஏதோ ஒன்று வெளியே வரும். எங்கள் அம்மாவைக் கேட்டதற்கு, பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்தேன் என்றார். முப்பத்தைந்து வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், எனக்கு அது செய்தி.

நானம்மாள் பாட்டி 2019 அக்டோபர் 26-ஆம் தேதி காலமானார். மறுநாள் தீபாவளி. இன்னும் நாலு மாதம் இருந்திருந்தால் நூறு நிறைந்திருக்கும். அவர் பாயைச் சுருட்டி வைத்தபின்னும் அந்தக் குடும்பத்தில் வகுப்பெடுக்க ஆள் இருந்தார்கள்.

எங்கள் வீட்டில் இப்போது அம்மா காலை ஐந்தரைக்கு மொட்டை மாடிக்குப் போகிறார். பெரிய ஆசனம் எதுவும் இல்லை, டாக்டர் சொன்ன நாலைந்து பயிற்சி, கொஞ்சம் மூச்சுப் பயிற்சி. பக்கத்து வீட்டு அத்தை இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். என் மகளும் தூக்கக் கலக்கத்தோடு பின்னாலேயே படியேறுகிறாள். பாதி நேரம் பாட்டி மடியில் படுத்துத் தூங்குவதாகத்தான் கேள்வி. பால்காரர் ஆறு மணிக்கு வருகிறார். பால் வாங்கிக் காய்ச்சி, எல்லோருக்கும் காபி கலக்குவது என் பொறுப்பு. முந்தாநாள் போன் பார்த்துக் கொண்டே நின்றதில் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. சத்தம் கேட்டு அம்மா மேலே இருந்து எட்டிப் பார்த்தார். "நீங்க செய்யுங்கம்மா, நான் பார்த்துக்கறேன்" என்றேன். இறங்கி வரவில்லை.